ஜோடி கோமருக்குத் தொழில் கற்றுத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

லண்டன் பான்டன் தெருவில் இருக்கும் ஹெரால்ட் பின்டர் அரங்கில் 2022 ஏப்ரலில் 'பிரைமா ஃபேஸி' தொடங்கியபோது, நடிப்பவர் என்று ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஒரு பெண் வழக்கறிஞரைப் பற்றி சூசி மில்லர் எழுதிய ஓராள் நாடகம் அது. இடைவேளை இல்லை, பேச்சைக் கைமாற்றிக்கொள்ள எதிரில் ஆள் இல்லை. ஏறத்தாழ 100 நிமிடம் இங்கிலாந்து நடிகை ஜோடி கோமர் தனியாகத் தாங்கினார். மறு ஆண்டு ஏப்ரலில் லண்டனின் ஒலிவியர் நாடக விருதும் ஜூனில் நியூயார்க்கின் டோனி நாடக விருதும் கிடைத்தன. விருதுகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்த மடல் அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த உங்களுக்கு.

அவர் நாடகப் பள்ளியில் படித்தவர் இல்லை. ராடா, லாம்டா போன்ற பள்ளிகளில் மூன்றாண்டு படித்துவிட்டு வருவதுதான் இங்கிலாந்தில் பலரும் நடந்த பாதை. குரல், உடல், உச்சரிப்பு, கேமரா எல்லாம் அங்கே பாடத்திட்டமாகவே இருக்கும். லிவர்பூல் பெண்ணான இவருக்கு வேலை பார்த்த இடங்களே வகுப்பறை, அங்கே இருந்த நீங்களே ஆசிரியர்கள்.

முதல் வணக்கம் பள்ளியின் நாடக ஆசிரியருக்கு. திறமைப் போட்டியில் தோழிகளின் நடனக் குழுவில் இடமில்லாமல் போன சிறுமி, அதற்குப் பதிலாக ஹில்ஸ்பரோ பேரழிவைப் பற்றி ஒரு தனிமொழி பேசினாள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் நடந்த கால்பந்து மைதான நெரிசல், 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிரைக் குடித்தது. லிவர்பூலில் அதைப் பற்றிப் பேச ஒரு பிள்ளை எழுந்து நின்றால், கேட்பவர்களில் யாரோ ஒருவர் உறவை இழந்தவராக இருக்கக்கூடும். அழுது காட்டுவது அங்கே எடுபடாது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நிறுத்தத் தெரிய வேண்டும். அது அவளுக்கு வந்ததை நீங்கள் கவனித்தீர்கள். கவனித்ததோடு நிற்காமல் பி.பி.சி. ரேடியோ 4 நாடகத்துக்கான ஆடிஷனுக்கும் அனுப்பி வைத்தீர்கள்.

வானொலி நாடகக் கூடத்தில் இருந்தவர்களே, பிள்ளைகளுக்கு அதைவிடக் கண்டிப்பான பள்ளி கிடையாது. முகமும் கையும் அங்கே செல்லாக்காசு. தாளைப் புரட்டினால் சரசரப்பு பதிவாகிவிடும் என்பதால், ஸ்டேப்பிளைக் கழற்றித் தனித்தனித் தாளாக வைத்துக்கொண்டு, பேசி முடித்த தாளை மைக்குக்கு எட்டாமல் பக்கவாட்டில் இறக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் வாய் திறக்கலாம். தூரத்திலிருந்து கூப்பிடுவதாகக் காட்சி இருந்தால் குரலைக் குறைத்தால் போதாது. மைக்கிலிருந்து இரண்டடி விலகி, முகத்தைச் சற்றுத் திருப்பி, தொண்டையில் அதே அழுத்தத்தோடு கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் கேட்பவருக்குத் தூரம் தெரியாது, முணுமுணுப்புதான் தெரியும். ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வைக்கலாம் என்பதை இப்படிக் கற்றவர், பிறகு தன் குரல் ஒன்றை நம்பியே 100 நிமிடம் நின்றதில் வியப்பில்லை.

2008-இல் 'தி ராயல் டுடே' தொடரில் நடித்தபோது அவருக்கு வயது 14. பள்ளி வயதுப் பிள்ளை இங்கிலாந்தில் நடிக்க வேண்டுமென்றால், பிள்ளை வசிக்கும் பகுதியின் கவுன்சில் உரிமம் தர வேண்டும். அன்று 1968-ஆம் ஆண்டு விதிகள் இருந்தன, இன்று இருப்பவை 2014-ஆம் ஆண்டு விதிகள். 21 நாட்களுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால், பரிசீலிக்காமலே மறுக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. கடைசி நேரத்தில் பிள்ளை கைநழுவுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 9 வயது நிரம்பியவர் படப்பிடிப்பு இடத்தில் ஒரு நாளில் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அதில் நடிப்பும் ஒத்திகையும் 5 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஓய்வில்லாமல் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தொடரக் கூடாது. பள்ளி நாளென்றால் படிப்புக்கு 3 மணி நேரம் ஒதுக்க வேண்டும். பாதுகாவலர் ஒருவரின் பொறுப்பில் 12 பிள்ளைகளுக்கு மேல் விடக் கூடாது.

பாதுகாவலர்களே, உங்கள் வேலை கடிகாரம் பார்ப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். இயக்குநர் "இன்னும் ஒரே ஒரு டேக்" என்று கெஞ்சும்போது முடியாது என்று சொல்லும் துணிவுதான் உண்மையில் அந்த வேலை. வெளிச்சம் போகப் போகிறது, நூறு பேர் காத்திருக்கிறார்கள், பிள்ளையும் "எனக்குக் களைப்பே இல்லை" என்கிறது. அந்த நேரத்தில் வில்லியாகத் தெரிய ஒப்புக்கொள்ளும் உங்களுக்கு எந்தக் கோப்பையும் தரப்படுவதில்லை. பதினான்கு வயதில் களைத்துச் சலித்துத் தொழிலைவிட்டே போகாமல் ஒருவர் முப்பதில் மேடையில் நிற்கிறார் என்றால், அதில் உங்கள் பங்கு பெரிது.

அடுத்து ஓரிரு அத்தியாய வேடங்களுக்கு அவரை அழைத்த நடிகர் தேர்வாளர்கள், அந்தப் படப்பிடிப்புக் குழுக்கள். ஹோல்பி சிட்டி, வாட்டர்லூ ரோடு, சைலன்ட் விட்னஸ், வேரா என்று நீளும் அந்தப் பட்டியலை யாரும் புகழ்ந்து எழுதுவதில்லை. வேகமாக எடுக்கப்படும் இத்தகைய தொடர்களில் ஒத்திகைக்கு அதிக நேரம் இருக்காது. தரையில் டேப்பால் ஒட்டிய 'டி' வடிவக் குறியில், குனிந்து பார்க்காமலே வந்து நிற்க வேண்டும். நெருக்கமான ஷாட்டில் ஃபோகஸ் ஆழம் சில விரற்கடைதான். அரையடி தள்ளி நின்றால் எத்தனை உருக்கமாக நடித்தாலும் முகம் மங்கி, அந்த டேக் வீணாகும். முதல் டேக்கில் எந்தச் சொல்லில் கோப்பையை எடுத்தாரோ, அதே சொல்லில்தான் அடுத்தடுத்த டேக்குகளிலும் எடுக்க வேண்டும். தவறினால் எடிட்டர் இரண்டு ஷாட்டுகளை ஒட்ட முடியாமல், மிகச் சிறந்த நடிப்பை வெட்டிவிட்டுச் சுமாரானதை வைத்துக்கொள்ள நேரிடும். கேமராவின் ஃபோகஸைப் பார்த்துக்கொள்ளும் ஃபோகஸ் புல்லர்களே, தொடர்ச்சி பார்ப்பவர்களே, இதைப் புதியவருக்குத் திட்டாமல் சொல்லிக்கொடுத்த உங்கள் பொறுமைக்கு நன்றி.

ஸ்டீபன் கிரஹாமுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2012-இல் 'குட் காப்' தொடரில் உடன் நடித்த இந்தப் பெண்ணைப் பற்றித் தன் ஏஜென்டிடம் எடுத்துச் சொன்னவர் அவர். வாய்ப்பு வாங்கித் தரும் ஏஜென்ட் பொதுவாகச் சம்பளத்தில் 10 முதல் 15 விழுக்காடு எடுத்துக்கொள்வார். ஆனால் நல்ல ஏஜென்ட் இல்லாவிட்டால் பல வேடங்களுக்கு ஆடிஷன் நடப்பதே காதுக்கு வராது. தேர்வாளர்கள் வேடத்தின் விவரத்தை ஏஜென்டுகளுக்குத்தான் அனுப்புவார்கள், தெருவில் ஒட்டமாட்டார்கள். பேர் பெற்ற நடிகர் ஒருவர் ஒரு வார்த்தை சொல்வதால் அவருக்குச் செலவு எதுவும் இல்லை, ஆனாலும் சொல்பவர்கள் குறைவு. ஒன்பது ஆண்டுகள் கழித்து, கொரோனா கால முதியோர் இல்லத்தைப் பற்றிய 'ஹெல்ப்' படத்தில் இருவரும் மீண்டும் சேர்ந்தார்கள். அதற்காக 2022-இல் கோமருக்கு பிரிட்டிஷ் தொலைக்காட்சி விருதான பாஃப்டா கிடைத்தது.

'மை மேட் ஃபேட் டைரி', 'டாக்டர் ஃபாஸ்டர்', 'தர்ட்டீன்' என்று படிப்படியாக ஏறி, 2018-இல் 'கில்லிங் ஈவ்' வந்தது. அதில் அவர் நடித்த கொலைகாரி வில்லனெல் ஆள் மாறும்போதெல்லாம் பேச்சும் மாற வேண்டும். ஒலி நாடாவைக் கேட்டுக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பது இங்கே உதவாது. அந்த மொழிக்காரர் பேசாமல் சும்மா இருக்கும்போது நாக்கு எங்கே படுத்திருக்கிறது, தாடை எவ்வளவு தளர்ந்திருக்கிறது, உதடு முன்னால் குவிகிறதா பின்னால் இழுபடுகிறதா என்பதை முதலில் பிடிக்க வேண்டும். அது பிடிபட்டால் உயிரெழுத்துகள் தாமாகவே மாறும். பிடிபடாவிட்டால், உணர்ச்சி ஏறும் முதல் வாக்கியத்திலேயே தாய்ப்பேச்சு எட்டிப் பார்த்துவிடும். உச்சரிப்புப் பயிற்சியாளர்களே, பார்ப்பவர் உங்களை மறந்தே போவதுதான் உங்கள் வெற்றி, அதனால்தான் இங்கே நினைவுகூர்கிறோம். 'பிரைமா ஃபேஸி'யில் இந்தப் பாடமே தலைகீழாகப் பயன்பட்டது. நீதிமன்றத்தில் மெருகேறிய பேச்சும், வீட்டு நினைவில் லிவர்பூல் பேச்சும் மாறி மாறி வந்தபோது, டெஸ்ஸா என்ற வழக்கறிஞர் எவ்வளவு தூரம் ஏறி வந்தவர் என்பதை யாரும் விளக்காமலே அரங்கம் புரிந்துகொண்டது.

இதற்கு முன் அவர் மேடையேறியது 2010-இல், ஸ்கார்பரோவின் ஸ்டீபன் ஜோசப் அரங்கில். அங்குள்ள பெரிய அரங்கில் நாற்புறமும் பார்வையாளர், சுமார் 400 இருக்கைகள். அதிலிருந்து பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின், லண்டனின் நாடகப் பகுதியான வெஸ்ட் எண்டில் சுமார் 800 பேர் அமரும் அரங்கு. கேமராவுக்குப் பழகிய தொண்டைக்கு அது பெரிய தாவல். கத்திச் சமாளிப்பவர் இரண்டாம் வாரத்தில் குரலை இழப்பார். குடிக்கும் தண்ணீர் குரல்நாண்களைத் தொடுவதே இல்லை. அது உணவுக்குழாயில் இறங்கி உடம்பில் ஊறித்தான் அங்கே போய்ச் சேரும். ஆகவே காட்சிக்குச் சில மணி நேரம் முன்பிருந்தே குடித்து வர வேண்டும். நேரடியாகத் தொடுவது நீராவிதான். வலியை மரக்கச் செய்யும் மிட்டாய்கள் ஆபத்து, காயம் தெரியாமல் மேலும் காயமாகும். கிசுகிசுப்பது ஓய்வு ஆகாது. ஒரு தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை ஓரிரு விரற்கடை முக்கி, குமிழி வரும்படி முனகி முனகி ஏற்றி இறக்குவது பல குரல் பயிற்சியாளர்கள் சொல்லித் தரும் பயிற்சி. நாடகத்துக்கு முன்பு மட்டும் செய்தால் போதாது, முடிந்த பின்னும் குரலை இறக்கி வைக்க வேண்டும். கைதட்டல் ஓய்ந்த பின் அதையும் செய்யவைத்தவர்களுக்கு நன்றி.

இயக்குநர் ஜஸ்டின் மார்ட்டின், தரை முதல் கூரை வரை வழக்குக் கோப்புகளை அடுக்கிய மிரியம் பியூதர், ஒளி அமைத்த நடாஷா சிவர்ஸ், ஒலி அமைத்த பென், மேக்ஸ் ரிங்ஹம், இசையமைத்த ரெபெக்கா லூசி டெய்லர், காணொளி அமைத்த வில்லி வில்லியம்ஸ். ஒரே ஆள் நின்ற மேடையில் இத்தனை கைகள். மேசைகளைக் கோமரே இழுத்து, ஏறி, குதித்து நீதிமன்றமாக்கினார், மதுக்கூடமாக்கினார். மழையும் பெய்தது. மேடையில் மழை என்றால் குழாயைத் திறந்துவிடும் வேலை இல்லை. நடிப்பவர் நடுங்காதபடி நீரைச் சூடாக்க வேண்டும், வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும் என்பதால் தொட்டியைச் சுத்திகரித்துக்கொண்டே இருக்க வேண்டும், வழுக்காத தரை வேண்டும், வடிகால் வேண்டும், மின்கம்பிகள் எதுவும் நனையக் கூடாது.

ஆனால் அதிக நேரம் நாம் நின்று வணங்க வேண்டியது, காட்சியின்போது எல்லோருக்கும் நேரம் சொல்லும் துணை மேடை மேலாளரான டெபுடி ஸ்டேஜ் மேனேஜரை. ஏழரை மணிக் காட்சிக்கு 'அரை மணி' அறிவிப்பு வருவது 6.55-க்கு. பிறகு 7.10, 7.20, கடைசியாக 7.25. திரை ஏறுவதற்கு 5 நிமிடம் முன்பே நடிகர் மேடைக்கு வர வேண்டும் என்பதால், கணக்கெல்லாம் அந்த 5 நிமிடத்தைக் கழித்தே ஓடுகிறது. நாடகம் தொடங்கியதும் அவர் பிரதியில் விரலை வைத்து, "ஸ்டாண்ட் பை" சொல்லி ஒளி, ஒலி இயக்குபவர்களைத் தயாராக்கி, உரிய அசையில் "கோ" என்கிறார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் விளக்கு மாறும். அதனால் ஹெட்செட்டில் வேறு எந்தப் பேச்சிலும் அந்தச் சொல் வரவே கூடாது. பலர் நடிக்கும் நாடகத்தில் ஒருவர் வரி மறந்தால் இன்னொருவர் இழுத்துப் பிடிப்பார். ஓராள் நாடகத்தில் ஒரு பத்தி தாவிவிட்டால், விடுபட்ட பத்தியில் இருந்த ஒளி மாற்றங்களை என்ன செய்வது என்று டெபுடி அந்த மூச்சிலேயே தீர்மானிக்க வேண்டும். தவறினால் நீதிமன்ற வெளிச்சத்தில் படுக்கையறைக் காட்சி நடக்கும். சரியாகச் செய்தால் ஒரு பிழை நடந்ததே பார்த்தவர் யாருக்கும் தெரியாது.

நேஷனல் தியேட்டர் லைவ் ஒளிப்பதிவுக் குழுவுக்கும் நன்றி. அவர்களால்தான் 2022 ஜூலையிலிருந்து, லண்டன் டிக்கெட் கிடைக்காதவர்களும் ஊர்த் திரையரங்கில் இந்த நடிப்பைப் பார்த்தார்கள்.

இன்னும் இருவர். 2019-இல் சிட்னியின் கிரிஃபின் அரங்கில் டெஸ்ஸாவை முதன்முதலாக நடித்தவர் ஷெரிடன் ஹார்பிரிட்ஜ். டோனி விருதைக் கையில் வைத்துக்கொண்டு கோமர் அவர் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். தனக்கு முன் அந்தப் பாரத்தைத் தூக்கியவர் யார் என்பது தூக்கியவருக்குத்தான் தெரியும்.

மற்றவர் டேனி ஆர்லிங்டன். 2023 ஜூன் 7 அன்று கனடாவின் காட்டுத்தீப் புகை நியூயார்க்கைச் சூழ்ந்தது. நாடகம் அப்போது அங்கே கோல்டன் அரங்கில் நடந்துகொண்டிருந்தது. மதியக் காட்சி தொடங்கிச் சிறிது நேரத்திலேயே மூச்சு முட்டி கோமர் வெளியேறினார். மாற்று நடிகையான நீங்கள் உடை மாற்றி வந்து, முதல் வரியிலிருந்து நாடகத்தைத் தொடங்கினீர்கள். ஓராள் நாடகத்துக்கு மாற்று நடிகையாக இருப்பது என்றால், முழுப் பிரதியையும் ஒவ்வொரு மேசை நகர்வையும் தினமும் மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அழைப்பு வராமல் வீடு திரும்புவது. ஒத்திகையில் பெரும்பாலும் வெறும் வேலை விளக்குதான் எரியும், உண்மையான ஒளியும் மழையும் கிடைப்பது அரிது. தாங்கள் பார்க்க விரும்பி வந்த நடிகை எழுந்து போவதைக் கண்ணால் பார்த்த கூட்டத்தின் முன்னால் அன்று நீங்கள் வந்து நின்றீர்கள். கடைசி வரி வரை கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள்.

நன்றியுடன்,
நாடக ரசிகர்கள் சிலர்