கொட்டகைக் கார்களும் காசிமேட்டு உப்புக்காற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஃபோர்ஸா ஹொரைசன் 5' (2021) கார் பந்தய வீடியோ விளையாட்டில், கொட்டகைகளில் மறைந்து கிடக்கும் பழைய கார்களைத் தேடும் பையன்களுக்குச் சில குறிப்புகள்.

விளையாட்டில் முன்னேற முன்னேற, மெக்சிகோ வரைபடத்தில் ஊதா நிற வட்டம் தெரியும். கொட்டகை அதற்குள்தான் இருக்கும். நடுவில் இருக்க வேண்டும் என்றில்லை. தார்ச்சாலையிலேயே சுற்றுவதால்தான் பலருக்குக் கிடைப்பதில்லை. விளையாட்டிலேயே உள்ள டிரோனைப் பறக்கவிட்டுக் கூரையைத் தேடுங்கள். பிறகு, மண்பாதையில் தடுமாறாத வண்டியில் நேரில் போக வேண்டும். கிடைத்த கார் உடனே ஓடாது, பழுதுபார்க்க நேரமாகும். விளையாட்டுப் பணமான கிரெடிட் கொடுத்து அவசரப்படுத்தலாம், வீண் செலவு.

இதை நம்பி, தண்டையார்பேட்டைச் சந்தில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் நிஜமான பழைய பிரீமியர் பத்மினி காருக்கு நேராக பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பாதீர்கள். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகியிருந்தால் அதன் ரிங் உடையும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டருக்கு இரண்டு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிடுங்கள். டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் இன்ஜின் சுழல்கிறதா என்று தெரிந்துவிடும். அசையாவிட்டால் மறுபடி ஆயில்தான், பலப்பிரயோகம் கூடாது. டேங்கில் பிசினாகிப்போன பெட்ரோலை வடித்து, கார்புரேட்டர் ஜெட்டையும் பிரேக் சிலிண்டர் ரப்பர்களையும் பாருங்கள். கடலோரக் காசிமேட்டுப் பக்கம் உப்புக்காற்றில் நின்ற வண்டியென்றால் முதலில் உள்ளே விரித்த மிதியடியைத் தூக்கித் தரைத்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஓட்டை விழுந்தால் இன்ஜின் செலவைவிட தகடு ஒட்டும் டிங்கர் செலவுதான் முந்தும்.

வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81