புதுப் பட்டிப்பூவும் வன்னிக் கிணற்று நீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் வீட்டு முற்றங்களிலும் பாடசாலை வளவுகளிலும் புதிய ரகப் பூக்கன்றுகள் நடும் ஆர்வம் பெருகிவருவது மகிழ்ச்சி. ஆனால் படத்தைப் பார்த்து வாங்கும் கன்றுகள் பல சித்திரை வெயிலைத் தாண்டுவதில்லை. மலையகக் குளிரில் வளர்ந்து லொறியில் வந்திறங்கும் பெற்றூனியாவை நான் எவருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

எங்கள் கோடைக்கு முதல் தெரிவு பட்டிப்பூ, அதாவது நித்தியகல்யாணியின் கலப்பின வகைகள். கட்டாக்காலி மாடுகளும் பெரும்பாலும் வாய் வைக்கா. (நச்சுச் செடி; சிறுபிள்ளைகள் கடிக்காமல் பார்க்கவேண்டும்.) இவற்றில் ‘கோரா’ என்ற ரக வரிசை, தண்டையும் இலையையும் கருக்கும் பைற்றொப்தோரா நோயைத் தாங்கும். அதற்காக வேரில் தண்ணீர் தேங்கவிடலாம் என்றில்லை. மண் ஈரமாக இருந்தும் செடி நண்பகலில் வாடினால் அடித்தண்டைப் பாருங்கள், கறுத்திருக்கும். தாகமென்று நினைத்து மேலும் ஊற்றுவதால்தான் பாத்தியே அழிகிறது.

டிசம்பர் நடுவில் கூரையின் கீழ் விதைத்தால், பெருமழை ஓய்ந்தபின் தைக் கடைசியில் நடலாம். நாற்றுத்தட்டுக்கான கலவை: தும்புத்தூள் இரண்டு பங்கு, அரித்த கூட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. விதையை அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் மூடி, தட்டின்மேல் கறுப்புப் பொலித்தீன் விரியுங்கள். இருட்டில்தான் நன்றாக முளைக்கும். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். முளை தெரிந்த அன்றே பொலித்தீனை எடுக்காவிட்டால் நாற்று வெளிறி, நூலாக நீண்டு சாய்ந்துவிடும்.

நாற்றுக்கு மழைநீரைச் சேர்த்து ஊற்றுவது நல்லது. கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும் கிணற்றுநீர் பட்டிப்பூவுக்கு ஒத்துவராது. அது மண்ணின் காரத்தைக் கூட்டும்; காரம் கூடிய மண்ணில் வேரால் இரும்பை எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதற்கு யூரியா போட்டுப் பயனில்லை. அடுப்புச் சாம்பல் போடவே வேண்டாம், அது காரத்தை இன்னும் கூட்டும். பாத்தியை 15 சென்ரிமீற்றர் உயர்த்தி, 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டு, காலையில் அடியில் மட்டும் நீர் விடுங்கள்.

ஓரத்துக்கு ‘புரொபியூஷன்’ சீனியா நல்லது. அமெரிக்காவில் 1999இல் தங்கப் பதக்கம் பெற்ற வரிசை அது. சாதாரண சீனியாவின் இலையில் மாப்போலப் படரும் சாம்பல் நோய் இதை எளிதில் பிடிக்காது.

கலப்பினச் செடியில் எடுத்த விதை தாய்ச்செடியைப்போல வராது. ஆகவே நாற்று விற்பவர்கள் ‘கலர் பூ’ என்று சொல்லி விற்காமல், ரகப் பெயரையும் கலப்பினமா என்பதையும் பையில் எழுதி ஒட்டவேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கிளிநொச்சி