பல்லில் கடித்த நூல்

சூர், ஓமன்

அன்புள்ள முத்து,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. நான் நலம். சித்திரையில் ஊருக்கு வருகிறேன், லீவு உறுதியாகிவிட்டது.

இதோடு ஒரு அட்டையும் நூலும் வைத்திருக்கிறேன். குப்பை என்று போட்டுவிடாதே. நான் செய்த கமால் அது. சூர் பாய்மரக் கப்பல் கட்டுகிற ஊர் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அந்தக் கப்பல்களில் வழி பார்த்த கருவி இவ்வளவுதான்: சின்னப் பலகை, நடுவில் ஓட்டை, அதில் கோத்த நூல், நூலில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, நூல் விறைக்கும்வரை பலகையை முன்னால் நீட்ட வேண்டும். கீழ் விளிம்பு அடிவானத்தில் படிந்திருக்கும்போது மேல் விளிம்பில் துருவ நட்சத்திரம் தொட்டால், அந்த முடிச்சுக்கு உரிய துறைமுகத்தின் நேருக்கு வந்தாயிற்று. அப்புறம் நட்சத்திரத்தை ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் கிழக்கே ஓட்டினால் மலபார்க் கரை.

நேற்று அந்தி மங்கும் நேரத்தில் கடலோரம் நின்று பார்த்தேன். 10 சென்டிமீட்டர் அட்டை. கை நடுங்கியது, நூலில் எச்சில் ஊறியது, அடிவானம் இருட்டுவதற்குள் நாலு தடவைதான் பார்க்க முடிந்தது. நாலு தடவையும் முடிச்சு ஏறத்தாழ ஒரே இடத்தில், அட்டையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் விழுந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆடாத கரையில் நின்றே இந்தப் பாடு. அலையில் ஆடும் தளத்தில் நின்று அளந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

நட்சத்திரத்தின் உயரத்தை அந்த அரபு மாலுமிகள் விரல்கணக்கில் சொன்னார்கள். ‘இஸ்பா’ என்றால் விரல், ஏறத்தாழ 1.6 பாகை. திசைகள் 32. நட்சத்திரங்கள் உதிக்கிற, மறைகிற இடங்களே அவற்றுக்குப் பெயர். தெற்கே ‘சுஹைல்’ என்று ஒன்று, அது நம் அகத்திய நட்சத்திரம்தான்.

15ஆம் நூற்றாண்டில் ஜுல்ஃபாரில், இன்றைய ராஸ் அல் கைமாவில், பிறந்த அகமது இப்னு மாஜித் இதையெல்லாம் எழுதி வைத்தார், நிறையப் பாட்டாகவே. அன்று துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து சுமார் மூன்றரை பாகை விலகியிருந்தது. அதனால் மற்ற நட்சத்திரங்கள் நிற்கும் நிலையைப் பார்த்து அளவைத் திருத்த வேண்டும். அந்தக் கணக்கும் அவரிடம் இருக்கிறது. அப்படிப்பட்டவரை ‘வாஸ்கோடகாமாவுக்கு வழிகாட்டியவர்’ என்றே சொல்கிறார்கள். எனக்கு ஆறவே இல்லை. போர்த்துகீசியக் குறிப்புகளில் 1498இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து வந்த வழிகாட்டி குஜராத்திக்காரர் என்றுதான் இருக்கிறது.

‘மாலுமி’ என்ற நம் சொல்லே அரபி ‘முஅல்லிம்’தான், ஆசிரியர் என்று பொருள். சோழமண்டலக் கரையிலும் இதே பலகை இருந்தது. இராப்பலகை என்பார்கள். 1850இல் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சரி, உனக்கு ஒரு வேலை. நாகையில் துருவ நட்சத்திரம் இங்கே இருப்பதில் பாதி உயரம்தான். மச்சான் படகில் கொஞ்சம் உள்ளே போய், வடக்கே பார்த்து இதே அட்டையை நீட்டு. இரண்டு சாணுக்குக் கொஞ்சம் மேலே வரும். அங்கே ஒரு முடிச்சுப் போட்டு வை. என் முடிச்சை அவிழ்த்துவிடாதே.

அன்புடன்,
செல்வம்