செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. நூலக அலமாரி பழுதுபார்க்கப்பட்டது.

இவ்வாண்டு 18ஆம் நூற்றாண்டின் ஆற்றங்கரை எட்சிங்குகளுக்குத் தனி அமர்வுகள் நடத்தினோம். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தால் அரித்து, மையிட்டு அச்சிடும் படமே எட்சிங். இது செயலாளரின் சொந்த ஆசை என்றும் அச்சுச் செலவு அதிகம் என்றும் பேச்சு எழுந்ததால் விளக்கம் தேவைப்படுகிறது. இத்தாலியின் பிரெண்டா ஆற்றில், டோலோ ஊரின் படகு மதகை வெனிஸ் ஓவியர் கனலெட்டோ கீறிய தகடு ஏறக்குறைய 30க்கு 43 செ.மீ. ஏ3 தாளில் ஓரம் போய்விடும். சுருக்கினால் கோடுகள் நெருங்கி நிழல் அப்பிக்கொள்ளும். ஆகவே பெரிய தாளில் அசல் அளவுக்கே எடுத்தோம். நாம் எடுத்த அந்த நகலில் லென்ஸ் வைத்துப் பயனில்லை, அச்சு இயந்திரத்தின் மைப்புள்ளிதான் தெரியும். கோட்டைப் பார்க்க, அருங்காட்சியகங்கள் இலவசமாகத் தரும் கோப்பைத் திரையில் விரிக்க வேண்டும்.

முதலில் தொலைவைப் பார்க்கப் பழகினோம். தகட்டைச் சிறிது நேரம் அமிலத்தில் விட்டு எடுத்து, எதிர்க்கரைக் கோடுகளை வார்னிஷால் மூடி, மறுபடி அமிலத்தில் இடுவார்கள். எதிர்க்கரை மெலிதாக நிற்க, கிட்டத்து மரத்தின் கோடு ஆழ்ந்து அகன்று மையை நிறையப் பிடிக்கும். மெழுகுப் பூச்சில் விரிசல் இருந்தால் வானத்தில் பொட்டுப் பொட்டாக அரித்திருக்கும். தண்ணீர் பெரும்பாலும் வெறும் தாள்தான்; கனலெட்டோ நெளிந்த இணைகோடுகள் கொஞ்சம் போட்டே அதை அசைய விடுகிறார். பிரான்சின் லியோன் நகரத்து ஓவியர் புவாசியு எட்சிங்கோடு, அமிலமின்றி ஊசியாலேயே செப்பைக் கீறும் டிரைபாயிண்டும் சேர்த்தவர். ஊசி எழுப்பும் செப்புப் பிசிறு மை பிடித்து நிழல் தரும்; ஆனால் அச்சழுத்தத்தில் சீக்கிரம் மழுங்கும். அதே தகட்டிலிருந்து பிந்தி எடுத்த அச்சில் நிழல் வெளிறியிருந்தால் அது தேய்மானம், ஓவியரின் எண்ணமல்ல.

ஆயர் வாழ்வைப் பாடிய சூரிச் கவிஞர் கெஸ்னர் தம் கையாலேயே தகடு கீறியவர். அவருக்கான அமர்வில் ஆட்களைவிட நாற்காலிகள் அதிகம். வராதவர்கள் முன்கூட்டிச் சொன்னால் தேநீராவது மிஞ்சாது.

வரவும் செலவும் ஏறத்தாழ நேர். விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி கணிசம். பாக்கிதாரர் பெயரை வாசிக்கும் வழக்கம் நம்மிடம் இதுவரை இல்லை.

இடம் தந்தவர்களுக்கும் தேநீர் பொறுப்பேற்றவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு சிறு தகடொன்றை நாமே அரித்துப் பார்க்கலாம். நைட்ரிக் அமிலம் வேண்டாம். செப்பை அரிக்கப் பெரிக் குளோரைடு கரைசல் போதும். கோட்டுக்குள் வண்டல் தங்காதிருக்கத் தகட்டைக் குப்புறப் போட வேண்டும். காற்றோட்டமும் தண்ணீர்க் குழாயும் உள்ள அறை யாரிடமாவது இருந்தால் சொல்லவும். சந்தா வந்தால் செப்புத் தகடும் வரும். செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு எவரும் முன்வரலாம்; இதுவரை யாரும் கேட்கவில்லை.