பயிற்சிக்கு அவசியம் போ

அன்பு மகளுக்கு,

ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மருந்தோ போதைப்பொருளோ அளவு மீறி மயங்கியவர்களைக் காப்பாற்றும் பயிற்சி உன் குடியிருப்பில் நடக்கவிருப்பதாகவும், எந்தப் பழக்கமும் இல்லாத உனக்கு அது எதற்கு என்று தோன்றுவதாகவும் எழுதியிருந்தாய். அவசியம் போ. அந்த மயக்கத்தை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்து தேவைப்படும் வேளையில் நினைவிழந்து கிடப்பவரால் அதைத் தானே எடுத்துக்கொள்ள இயலாது என்பதால், பக்கத்தில் இருப்பவர் கையில் இருந்தால்தான் அதனால் பயன். இந்நிலையை நேரில் காண வாய்ப்புள்ளவர்களுக்கு மருந்தும் பயிற்சியும் கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே பரிந்துரைத்தது.

ஆபத்துக்குள்ளாவோர் நீ நினைக்கும் கூட்டம் மட்டுமல்லர். அறுவை சிகிச்சைக்குப் பின் தரப்பட்ட வலி மாத்திரையோடு தூக்க மாத்திரையையோ மதுவையோ சேர்த்துக்கொண்டவரும் அதில் உண்டு. சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளியே வந்து, உடலின் தாங்குதிறன் குறைந்துவிட்டதை அறியாமல் பழைய அளவையே எடுத்துக்கொள்பவரை எண்ணித்தான் எனக்கு மிகவும் அச்சம்.

தட்டியும் உரக்க அழைத்தும் விழிக்காமல், மூச்சு மிக மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தால் தயங்காதே. உடலில் ஓபியாய்டே இல்லையென்றாலும் இம்மருந்து தீங்கு செய்வதில்லை. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, நலோக்சோன் தெளிப்பானை ஒரு நாசியில் வைத்துப் பீய்ச்சு. இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு சீராகாவிட்டால் மற்ற நாசியில் இன்னொரு முறை கொடு. அந்த இடைவெளியில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பதற்றத்தில் விட்டுப்போகக்கூடியது இதுதான் என்பதால், பயிற்சியில் பொம்மையின் மீது செய்து பார்க்கக் கேள்.

மூச்சைக் குறைக்கும் ஓபியாய்டை, அது மூளையில் ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளிலிருந்து நலோக்சோன் விலக்குகிறது; ஆனால் அதன் வேலை ஏறத்தாழ 30 முதல் 90 நிமிடங்கள் வரைதான், ஓபியாய்டோ அதைவிட நீடித்திருக்கலாம். ஆகவே, எழுந்தவர் தமக்கு ஒன்றுமில்லை என்று சினந்து கிளம்பினாலும், மருத்துவ உதவி வரும்வரை உடன் இருக்கப் பார். வாந்தியும் நடுக்கமும் எரிச்சலும் ஓபியாய்டின் பிடி சட்டென்று விட்டதன் விளைவே, மனத்தில் வைத்துக்கொள்ளாதே. மீண்டும் மயங்கினால் மூச்சு இருக்கும்வரை ஒருக்களித்துப் படுக்கவை, வாந்தி மூச்சுக்குழாயில் இறங்காது.

பயிற்சியில் தரும் நலோக்சோன் பெட்டியை அலமாரியில் பூட்டி வைக்காதே. உன்னோடு தங்கியிருப்பவர்களுக்கு அது இருக்கும் இடத்தைக் காட்டு. முடிந்தால் அவர்களையும் பயிற்சிக்கு அழைத்துப் போ. காலாவதி தேதியையும் அவ்வப்போது பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா