ஓரம் மங்குவது 'சகஜம்' அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புது 50 எம்எம் கேமரா லென்ஸில் வலது ஓரம் மட்டும் மங்குகிறது என்று கேட்ட வாசகருக்கு, சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் "எஃப்/8 வைத்து எடுங்கள், இதெல்லாம் சகஜம்" என்று பதில் வந்திருக்கிறது. எஃப்/8 என்றால் வெளிச்சம் நுழையும் திறப்பை, அதாவது அப்பர்ச்சரை, சுருக்குவது. எஃப்/1.8 வரை அகலமாகத் திறக்கும் லென்ஸுக்குக் காசு கொடுத்தவருக்குச் சொல்லும் பதிலா இது? நான்கு மூலையும் ஒரே அளவில் மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியோ சாய்ந்தோ உட்கார்ந்திருக்கக்கூடும். அது தயாரிப்புக் குறை. அப்பர்ச்சரைச் சுருக்கினால் குறை மறையும், தீராது. தாங்கள் அறியாததல்ல, அதனால்தான் வருத்தம் கூடுகிறது.

சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஃபில்டரைக் கழற்றி, ஸ்டெபிலைசேஷனை (நடுக்கத் தடுப்பை) அணைத்து, டிரைபாடில் நிறுத்தி, 2 விநாடி டைமர், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் முழுத் திறப்பு. 50 மீட்டருக்கு அப்பால் உள்ள ஒரே பெயர்ப்பலகையை நான்கு மூலைக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுவந்து, கேமரா திரையில் தெரியும் லைவ் வியூவைப் பெரிதாக்கி, அந்தந்த மூலையிலேயே கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும். அப்படியும் ஒரு மூலை மட்டும் தெளியவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது. செங்கல் சுவரை எடுத்துப் பார்ப்பது வீண் வேலை. கேமரா கொஞ்சம் கோணினாலே நல்ல லென்ஸும் கெட்டதாகத் தெரியும். அடுத்து லென்ஸை வேறொரு கேமரா பாடியில் மாட்ட வேண்டும். அதிலும் அதே மூலை மங்கினால் குறை லென்ஸில்தான். இல்லையேல் முதல் பாடியில் லென்ஸ் மாட்டும் மவுண்ட்டையோ, படம் பதியும் சென்சாரையோ பார்க்க வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமா? இருட்டில், தொலைவில் ஊசித்துளை வெளிச்சம் ஒன்றைப் படத்தின் நட்டநடுவில் வையுங்கள். புள்ளிக்கு ஒரு பக்கமாக வால் முளைத்தால் வேறு சாட்சி தேவையில்லை.

இதே பகுதியில் முன்பொரு முறை இதே குறைக்கு ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் (தானியங்கி ஃபோகஸின் நுண்திருத்தம்) செய்யச் சொன்னீர்கள். அது ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்தும். சாய்ந்த கண்ணாடியை நிமிர்த்தாது. மாதாமாதம் புது லென்ஸ் விமர்சனம் வருகிறது. வாரண்டி கார்டைப் பற்றியோ, பில் இல்லாமல் விற்கும் இறக்குமதி லென்ஸைப் பற்றியோ ஒரு வரி வந்ததில்லை. கேனான் தன் 24-105 எஃப்/4 எல் லென்ஸின் தொடக்கத் தயாரிப்புகளில் ஃப்ளேர் குறை (வெளிச்சம் சிதறிப் படத்தில் படிவது) இருப்பதை 2005-ல் ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்து தந்தது. தயாரித்தவரே ஒப்புக்கொள்ளும்போது, பத்திரிகை ஏன் 'சகஜம்' என்று மூடி மறைக்க வேண்டும்?

கடைகள் மாற்றித் தரும் கெடு பல இடங்களில் ஒரு வாரம்தான். உங்கள் பதிலை நம்பியவருக்கு அது போய்விட்டது. இனி அவருக்கு சர்வீஸ் சென்டர்தான் வழி. "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று அங்கே திருப்பினால், அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி, ரா படங்கள் (கேமரா பதிந்த மூலக் கோப்புகள்), பில், சீரியல் எண்ணோடு வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சொந்த ஊரிலேயே, 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

அடுத்த இதழில் அதே பகுதியில், அதே எழுத்தளவில், அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மதுரை