ஸ்குவாட் லீடர் பேச்சைக் கேட்பவருக்குப் புள்ளி கொடுங்கள்

ராணுவ ஷூட்டர் கேம்களை உருவாக்குபவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கேம்களில் ஸ்குவாட் லீடர், அதாவது சில பேர் கொண்ட சிறு குழுவின் தலைவர், சொல்வதைக் கேட்பவருக்குப் பலன் இல்லை. போன வாரம் நடந்த ஒரு மேட்சிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஸ்குவாடில் ஒருவர் ஆட்டம் முழுக்க சப்ளை லாரி ஓட்டினார். அவர் கொண்டுவந்து இறக்கிய சரக்கால்தான் முன்வரிசைக்குப் பக்கத்தில், செத்தவர்கள் மறுபடி உயிரோடு வந்து இறங்கும் ஒரு ஸ்பான் பாயின்ட் கட்ட முடிந்தது. அதைக் காக்கச் சொல்லி லீடர் மேப்பில் குறி வைத்தார், மைக்கிலும் திரும்பத் திரும்பக் கேட்டார். லாரிக்காரர் மட்டும் வந்தார். மற்றவர்கள் ஸ்னைப்பரோடு குன்றின் மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. ஸ்பான் பாயின்ட் போனது, மேட்சும் போனது. கடைசியில் வந்த ஸ்கோர்போர்டில் குன்றின் மேல் படுத்திருந்தவர்களில் ஒருவர் முதலிடம், லாரி ஓட்டியவர் கடைசி. அவர் பேசாமல் சர்வரை விட்டுப் போய்விட்டார். இனி அவர் எதற்காக லாரியைத் தொட வேண்டும்?

அந்தக் குன்றுக்காரர் மீது எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் எதற்குப் புள்ளி தருகிறீர்களோ அதைத்தான் அவர் செய்தார். லீடர் சொன்னதைச் செய்பவருக்கு, எதிரியைக் கொல்லும் கில்லை விட அதிகப் புள்ளி கொடுங்கள். இதுதான் என் கோரிக்கை.

செய்ய முடியாத காரியம் அல்ல. 2005இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 2 என்ற கேமில் 64 பேர் ஆடும் சர்வரில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு கமாண்டர், அவருக்குக் கீழே ஆறு பேர் வரை கொண்ட ஸ்குவாடுகள். ஸ்குவாடில் லீடர் பக்கத்தில் மட்டுமே ஸ்பான் ஆக முடியும். லீடர் செத்தால் எல்லோரும் தூரத்திலிருந்து ஓடிவர வேண்டும், அதனால் யாரும் சொல்லாமலே அவரைச் சுற்றி நின்றார்கள். 2011இல் பேட்டில்ஃபீல்ட் 3 வந்தபோது கமாண்டர் இல்லை. ஸ்குவாடில் யார் பக்கத்திலும் ஸ்பான் ஆகலாம் என்றானது. லீடர் இருந்தால் என்ன, செத்தால் என்ன என்ற நிலை அப்படித்தான் வந்தது. 2021இல் பேட்டில்ஃபீல்ட் 2042 ஒரே மேட்சில் 128 பேரை இறக்கிவிட்டது, ஆனால் வெளியானபோது கேமுக்குள் பேச வாய்ஸ் சாட்கூட இல்லை. பேச வழியில்லாத கூட்டத்தை எந்த லீடர் நடத்துவார்? துப்பாக்கிக்குப் பூசப் புதுப் புது வண்ணம் விற்க மட்டும் உங்களுக்கு நேரம் கிடைக்கிறது. இது எங்களுக்கு வலிக்கிறது.

ஹெல் லெட் லூஸ் கேமில் கமாண்டரும் ஆஃபீசர்களும் (அங்கே ஸ்குவாட் லீடர்கள்) பேசிக்கொள்ளத் தனி வாய்ஸ் சேனல் இருக்கிறது. ஐம்பதுக்கு ஐம்பது பேர் மோதும் அந்த ஆட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட ஆஃபீசர் சொல்வதைக் கேட்டு நகர்வதைப் பார்க்கலாம். தனியாக ஓட விரும்புகிறவர்களுக்கு வேறு மோட்கள் இருக்கட்டும், அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

சரி, தயவுசெய்து அடுத்த அப்டேட்டில் இதைச் செய்யுங்கள். லீடர் குறித்த இடத்தைக் காத்தவருக்கும், சரக்கு கொண்டுவந்தவருக்கும், அடிபட்டவரைத் தூக்கிவிட்டவருக்கும் கில்லை விட அதிகப் புள்ளி கொடுங்கள். ஸ்பானை மறுபடி லீடரோடு கட்டுங்கள். கட்டளையே கொடுக்காத லீடரை ஸ்குவாடே வாக்குப் போட்டு மாற்றவும் வழி வையுங்கள்.

இப்படிக்கு,
அந்த ஸ்குவாடில் ஆடிய ஒருவர்